ரெண்டு நட்டு

கேக்குது. இல்லை, இப்பக் கேக்கலை. மூச்சைப் பிடிச்சுக்கிட்டாக் கேக்குது. இதோ, டிக் டிக் டிக்குனு, மேல இருந்து, எஞ்சின் தலையை மூடியிருக்கற டாப்பெட் கவருக்குள்ள இருந்து, கோழிக்குஞ்சு தகரத்தைக் கொத்தற மாதிரி. எஞ்சின் என்னமோ நல்ல பிள்ளையாட்டம்தான் ஓடிக்கிட்டு இருக்கு. பானெட்டைத் தூக்கி நிறுத்திட்டு பெண்டர் மேல ரெண்டு கையையும் ஊணிக்கிட்டுத் தலையைச் சாய்ச்சுக்கிட்டு நான்தான் பைத்தியக்காரனாட்டம் நிக்கறேன். ஆயில் கேஜைப் பாத்தா முள்ளு நிக்க வேண்டிய இடத்துல ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. ஆயில் இருக்கு, பம்ப் அடிக்குது, லைன்ல பிரஷர் இருக்கு, பின்ன என்ன எழவுக்கு இந்த டிக் டிக்? மாரிஸ் மைனர் வண்டி, மண்டிக்காரர் தண்டபாணி அண்ணனோட அப்பா ஓட்டினது. எத்தனையோ வருசம் தார்ப்பாய்க்கு அடியில கிடந்ததைக் கொண்டாந்து, எஞ்சினைக் கழட்டி, போல்ட்டு போல்ட்டாப் பிரிச்சு, சிலிண்டருக்குப் போர் போட்டு, பேரிங் மாத்தி, மறுபடி கோத்து மாட்டி ஸ்டார்ட் பண்ணினா முதல் அடியிலேயே பிடிச்சுக்கிச்சு. மேட்டுப்பாளையத்துல இன்னைக்கு இந்த வண்டியைத் தொடறதுக்கு வேற கை கிடையாதுன்னு அண்ணன் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறார். அன்னைக்கே கேட்டுச்சு. ஸ்டார்ட் ஆன அந்த நிமிசமே கேட்டுச்சு. எல்லாரும் கை தட்டினாங்க, நான் மட்டும் சிரிக்காம நின்னேன்.

சுப்ராஜைக் கூப்பிட்டேன். என் சம்சாரம் ருக்குவோட தம்பி, என் மச்சினன், இந்தக் கொட்டகையிலேயே அக்கட்டால ஓரத்துல புது வண்டிகளைப் பாக்கறான். அவனுக்குக் காது வேண்டாம், கம்ப்யூட்டர் பெட்டியை வண்டியில சொருகினா அதுவே என்ன கோளாறுன்னு எழுத்துல காட்டிப்புடும். நீள ஸ்க்ரூ டிரைவரோட முனையை டாப்பெட் கவர் மேல வச்சு, மரப்பிடியைக் காதுல அழுத்திக் காட்டினேன். அதான் என்னோட வித்தை, அதான் என் சோறு. கேளு மாப்பிள்ளை, நல்லாக் கேளுன்னேன். கேட்டான். கண்ணை மூடிக்கிட்டுக்கூடக் கேட்டான், பாவம். "சாதாரண டாப்பெட் சத்தம்தானுங்க மாமா. பழைய எஞ்சின் இந்த அளவு கூடச் சொல்லாம இருக்குமா?" அடப் போடா. எனக்குத் தெரியாத டாப்பெட் சத்தமா? டாப்பெட் சத்தம் தாளத்தோட வரும், எஞ்சினை முடுக்கினாக் கூடவே முடுக்கும். இது முடுக்கினாலும் அதே டிக், விட்டாலும் அதே டிக். எஞ்சினோட சேர்ந்து முடுக்காத சத்தம் எப்படி எஞ்சின் சத்தமா இருக்கும்? இல்லை, முடுக்குது. இப்ப முடுக்கினேன், முடுக்கின மாதிரிதான் இருந்துச்சு. அந்த ரேடியோவை எவன் நிறுத்தினது, போடுங்கடா, சும்மா இருக்கறப்ப ரேடியோ பாடணும் எனக்கு. வண்டி ஓடாதப்ப இந்தக் கொட்டகை அமைதியா இருக்கக் கூடாது. எஞ்சினை நிறுத்தின உடனே எதையாவது எடுத்து எது மேலயாவது தட்டிக்கிட்டு இருப்பேன், ஏன் தட்டறேன்னு எனக்குத் தெரியும், யாரும் கேக்க வேண்டாம்.

கோயமுத்தூர்ல காது டாக்டர் சின்னப் பொண்ணு. கண்ணாடிப் பெட்டிக்குள்ள உக்கார வச்சு, சத்தம் கேட்டாக் கையைத் தூக்குங்கன்னாங்க. தூக்கினேன். வெளிய வந்ததும், "என்னங்கய்யா, நான் சத்தமே கொடுக்காதப்ப எல்லாம் கையைத் தூக்கறீங்க"ன்னு சிரிச்சாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. காது நரம்பு தேஞ்சு போச்சு, தலை சுத்தறதும் அதனாலதான், வெளிய ஒண்ணும் இல்லாமலே உள்ள சத்தம் கேக்கும், ஒருத்தருக்கு மணி அடிக்கும், ஒருத்தருக்கு வண்டு கத்தும், ஒருத்தருக்கு டிக் டிக்குனு கடிகாரமாட்டம் இருக்கும், பயப்படாதீங்க, பழகிக்கலாம். எதைம்மா பழகறது? எத்தனை வருசமா என்னை இந்த ஊர்ல காதுக்காரர்னு கூப்பிடறாங்க தெரியுமா? ரோட்டுல போற லாரியை நிக்க வச்சு உன் வண்டி பேரிங் ஊருக்குப் போய்ச் சேராதுடான்னு சொன்னவன் நான், சொன்ன மாதிரியே பர்லியார் தாண்டறதுக்குள்ள நின்னுச்சு. எஞ்சின் சொல்லும், நான் கேப்பேன், அவ்வளவுதான் எங்களுக்குள்ள. இன்னைக்கு எஞ்சின் சொல்லுதா, நானே சொல்லிக்கிறேனான்னு தெரியலைன்னா நான் எதுக்கு இங்க? டாக்டர்கிட்ட நான் ஒண்ணுமே கேக்கலை. கேட்டிருக்கணும். உள்ள கேக்கற டிக்கையும் வெளிய கேக்கற டிக்கையும் எப்படிம்மா பிரிக்கறதுன்னு கேட்டிருக்கணும். ருக்கு பக்கத்துல உக்காந்திருந்தா, புடவைத் தலைப்பை விரல்ல சுத்திக்கிட்டு. அவ முன்னால கேக்கறதுக்குக் கூச்சமாப் போச்சு.

மூணு நாளா எல்லாத்தையும் பாத்தாச்சு. கீழ இருந்துதான் ஆரம்பிச்சேன். ஆயிலைப் பூராவும் இறக்கி வெள்ளைத் துணியில வடிகட்டிப் பாத்தேன், இரும்புத் தூள் ஒண்ணுமில்லை. அடியில ஆயில் நிக்கற சம்ப்பை இறக்கி வலையைக் கழுவினேன், வலை சுத்தமாத்தான் இருந்துச்சு, இருந்தாலும் கழுவினேன். பில்டர் மாத்தினேன். பிரஷர் வால்வோட ஸ்பிரிங்கை எடுத்துப் புதுசோட நிக்க வச்சு உயரம் பாத்தேன். நேத்து மறுபடியும் சம்ப்பை இறக்கி பம்ப்பைப் பிரிச்சேன். அந்த பம்ப்பைக் கோத்தவனே நான்தான், அதுல ஒரு கோளாறும் இருக்காதுன்னு எனக்குத் தெரியும், தெரிஞ்சுதான் பிரிச்சேன். சுப்ராஜ் ஜாக்கியைத் தள்ளிக்கிட்டு வந்து கீழ எட்டிப் பாத்தான். "ஏனுங்க மாமா, சத்தம் மேல இருந்து வருதுங்கறீங்க. சோலி பூராவும் கீழேயே பாக்கறீங்க. டாப்பெட் கவரைத் திறந்து பாத்துட்டாப் போச்சு. ரெண்டு நட்டுங்க." அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்து வந்துச்சோ அந்த வெறி, கையில இருந்த ஸ்பேனரை விட்டெறிஞ்சேன், அது போய் கம்ப்ரசர்ல பட்டு நங்குன்னுச்சு. "நீ எனக்குச் சொல்லித் தர்றியா? நீ மூக்கு ஒழுகிக்கிட்டு வந்தப்ப ஸ்பேனர் நம்பர் சொல்லித் தந்தது யாரு?" அவன் ஸ்பேனரைப் பொறுக்கித் துடைச்சுக் கொண்டாந்து என் பக்கத்துல வச்சுட்டுப் போனான். திட்டியிருந்தாக்கூடத் தேவலை.

ரெண்டு நட்டு. எனக்குத் தெரியாதாடா? பாதி பீடி பிடிக்கற நேரத்துல கவர் கையோட வந்துரும். கேஜ் முள்ளு சொல்றதெல்லாம் கீழ பெரிய லைன்ல ஓடற ஆயிலைத்தான், மேல வால்வைத் தட்டித் திறக்கற ராக்கருக்கு ஆயில் ஏறுதா இல்லையான்னு கேஜுக்குத் தெரியவே தெரியாது. அதுக்குத் தனி வழி. ஹெட்டுல ஒரு சின்னத் துளை, விரல் நுனிகூட நுழையாது, அது வழியா ஏறி, ஓரத்துல இருக்கற ராக்கர் ஸ்டாண்டுக்குள்ள போய், அங்க இருந்து ஷாப்ட்டுக்குள்ள ஓடி, ஒவ்வொரு ராக்கரா நனைக்கணும். அந்த வழி அடைச்சிருந்தா மேல வறண்டு கிடக்கும், வறட்டு இரும்பு வறட்டு இரும்பைத் தட்டும், டிக் டிக்குன்னும். எல்லாம் தெரியும். தெரிஞ்சுதான் திறக்கலை. திறந்து பாத்து வறண்டு கிடந்தாச் சரி, சத்தம் நிஜம், என் காது நிஜம், நான் ஆளு. திறந்து பாத்து உள்ள எண்ணெய் வழிஞ்சுக்கிட்டு இருந்தா? மினுமினுன்னு ஒவ்வொரு ராக்கரும் குளிச்சுக்கிட்டு இருந்தா? அப்ப அந்த டிக் எங்கிருந்து வருது? அந்த ரெண்டு நட்டுக்கு அந்தப் பக்கம் அதுதான் இருக்கு. அதனால கீழேயே சுத்திக்கிட்டு இருக்கேன், கழுவினதையே கழுவிக்கிட்டு. ஐயோ, இந்த வயசுல ரெண்டு நட்டுக்குப் பயந்துக்கிட்டு நிக்கறேனே.

தண்டபாணி அண்ணன் மத்தியானம் சாப்பாட்டுக்குப் போற வழியில தலையை நீட்டினார். "என்ன நஞ்சப்பா, ரெடியா? நாலு மணிக்கெல்லாம் கிளம்பினாத்தான் பனி இறங்கறதுக்குள்ள கோத்தகிரி போய்ச் சேரலாம்." அவர் மகள் யாழினிக்குக் குழந்தை பொறந்து மூணு மாசம் முடிஞ்சு, புருசன் வீட்டுக்குக் கொண்டு போய் விடணும். பேரனை அப்பாரோட வண்டியிலதான் ஏத்திக்கிட்டுப் போவேன்னு ஒத்தைக் கால்ல நிக்கறார். வேற வண்டியில போங்கண்ணான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. ஏன்னு கேட்டா என்ன சொல்றது? சத்தம் கேக்குதுன்னு சொன்னேன். அவரும் காதைக் கிட்டக் கொண்டாந்தார். "எங்கப்பா கேக்குது? தேனாட்டம் ஓடுதே." அப்பறம் என் மூஞ்சியைப் பாத்து, கொஞ்சம் குரலை இறக்கி, "தலைசுத்தல் எல்லாம் இப்பப் பரவாயில்லையா?"ன்னார். அந்தக் கேள்வியிலேயே தெரிஞ்சு போச்சு, ஊருக்கே தெரிஞ்சிருக்கு. சுப்ராஜ் அக்கட்டால திரும்பிக்கிட்டான். நான் நல்லாருக்கேன்ணா, வந்து வண்டியை எடுத்துக்குங்கன்னு சொல்லிட்டேன். வீறாப்புக்குச் சொல்லிட்டு, அவர் போனதும் மறுபடி பானெட்டுக்குள்ள தலையை விட்டேன்.

ஏன்னா மலை என்னன்னு எனக்குத் தெரியும். சும்மா நின்ன இடத்துல ஓடற வண்டி வேற, கொண்டை ஊசி வளைவுல ஒண்ணாம் கியர்ல முக்கிக்கிட்டு ஏறற வண்டி வேற. மேல எண்ணெய் இல்லைன்னா அங்கதான் காட்டும். ராக்கர் ஒண்ணு ஷாப்ட்டோட கவ்விக்கும், புஷ் ராடு வளையும், ஒரு சிலிண்டர் போகும், அடுத்தது போகும், வளைவுக்கு நடுவுல வண்டி தம் கட்டி நின்னு போகும். பின்னால காய்கறி லாரி. அண்ணன் பிரேக்கை மிதிப்பார், ஹேண்ட் பிரேக்கை இழுப்பார், அது பிடிக்கும், நான்தான் கட்டினேன், பிடிக்கும். பனி இறங்கியிருந்தா லாரிக்காரனுக்குத் தெரியாதே. பின் சீட்டுல அந்தப் பொண்ணு, மடியில துணியில சுத்தின குழந்தை. போன வாரம் கூட்டிக்கிட்டு வந்து காட்டினா, என் விரலைப் பிடிச்சுக்கிச்சு, கிரீஸ் விரலை. விடவே மாட்டேன்னுச்சு. இப்படி நினைக்காதடா, நினைக்காத. சரி, நிறுத்திடலாம், வண்டியைத் தர மாட்டேன்னு சொல்லிடலாம். சொன்னா? காதுக்காரருக்குக் காது போச்சு, இல்லாத சத்தத்தைக் கேட்டுக்கிட்டு ஓடற வண்டியைப் பிடிச்சு வச்சிருக்கார்னு ஊர் பேசும். நாளையிலிருந்து வண்டியைக் கொண்டார்றவன் நேரா சுப்ராஜ்கிட்டப் போவான். போகட்டும். குழந்தையை விட அது பெருசா? பெருசில்லை. இருந்தாலும் வாயைத் திறக்க முடியலையே, இது என்ன ஜென்மம்.

ருக்குவுக்குக் கேட்டுச்சு. அது இருக்கே. காலையில டீ கொண்டாந்தா, வண்டி ஓடிக்கிட்டு இருந்துச்சு, நான் அப்பவும் இப்படியேதான் தலையைச் சாய்ச்சுக்கிட்டு நின்னேன். ருக்கு, உனக்குக் கேக்குதான்னு கேட்டேன். அவ வண்டியைப் பாக்கலை, என்னையே பாத்தா. "ஆமாங்க, லேசாக் கேக்குது"ன்னா. எனக்கு உசுரு வந்துச்சு. அந்த ஒரு வார்த்தையைத்தான் காலையில இருந்து வாயில போட்டு மென்னுக்கிட்டு இருக்கேன். அவளுக்கு வண்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாது, அதனால அவ பொய் சொல்ல வழியில்லை. தெரிஞ்சவன்தானே சாதாரணச் சத்தம் அது இதுன்னு வியாக்கியானம் பண்ணுவான், தெரியாதவ கேட்டதைச் சொல்லுவா. ஆக ரெண்டு பேருக்குக் கேக்குது. ரெண்டு பேர் காதுலயுமா நரம்பு தேஞ்சிருக்கும்? ஆயுத பூஜை அன்னைக்கு நான் கம்ப்ரசர் பக்கத்துல தலை சுத்தி உக்காந்துட்டேன், எப்பவும் நான்தான் எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வைப்பேன், இந்தத் தடவை அவதான் வச்சா. குழைச்ச சந்தனத்தைக் கிண்ணத்துல வச்சுக்கிட்டு ஒண்ணு விடலை, வைஸ், ஜாக்கி, ஸ்பேனர் ஒவ்வொண்ணு, மண்ணெண்ணெய்த் தட்டு, பெஞ்சு மேல பிரிச்சு வச்சிருந்த இந்த வண்டி ஹெட்டு, எல்லாத்துக்கும் அப்பி அப்பி வச்சா. நெம்பத் தாராளம் அவ கை. கடைசியில என் நெத்தியில ஒண்ணு, காதோரம் ஒண்ணு. காதுக்கு எதுக்குடின்னா, அதுவும் ஆயுதந்தானுங்களேன்னா. அப்ப எல்லாரும் சிரிச்சாங்க. அவ கேட்டுச்சுன்னு சொன்னா கேட்டுச்சு. போதும். திற.

எஞ்சினை நிறுத்தினேன். உடனே ரேடியோவைச் சத்தமா வைக்கச் சொன்னேன். ஸ்பேனரை எடுத்து முதல் நட்டைப் பிடிச்சேன், சுலபமா வந்துச்சு, ரெண்டாவது நட்டு, அதுவும் வந்துச்சு. வராம இருந்திருக்கலாம். கவரை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டுக் கண்ணை மூடிக்கிட்டேன், சாமி கும்பிடல, சும்மா மூடினேன். தூக்கினேன். கண்ணைத் திறக்காமலே விரலை விட்டேன். சூடு. சூடும் சொரசொரப்பும். விரலை எடுத்துக் கண்ணுக்கு நேராக் கொண்டாந்து பாத்தா, கறுப்பா ஒரு தூசு ஒட்டியிருக்கு, எண்ணெய் இல்லை. பாத்தேன், எல்லா ராக்கரையும் பாத்தேன், மாட்டறப்ப நான் கையால ஊத்தின ஆயில் காஞ்சு பிசுக்காக் கிடக்கு, அவ்வளவுதான், வறண்டு கிடக்கு, ஆத்தாளே, வறண்டு கிடக்கு! "மாப்பிள்ளை, இங்க வா, வந்து பாரு, தொட்டுப் பாரு!" சுப்ராஜ் ஓடி வந்து தொட்டுப் பாத்துட்டு, என்னைப் பாத்தான். "மன்னிச்சுக்குங்க மாமா"ன்னான். அடப் போடா மன்னிப்பு, உன்னைக் கட்டிப்பிடிச்சு முத்தம் கொடுப்பேன். எஞ்சின் பாழாப் போக இருந்துச்சு, எவனாவது அதுக்குச் சந்தோசப்படுவானா? நான் பட்டேன். கண்ணுல தண்ணி வந்துச்சு, பெட்ரோல் புகைன்னு துடைச்சுக்கிட்டேன்.

ஸ்டாண்டைக் கழட்டினா ஹெட் போல்ட்டும் கூடத் தளரும், அதனால ரேடியேட்டர் தண்ணியை இறக்கிட்டு, எஞ்சின் ஆறட்டும்னு காத்திருந்து, அந்த நேரம் போகவே இல்லை, அப்பறம் ராக்கர் ஷாப்ட்டை முழுசாத் தூக்கி வெளிய வச்சேன். அந்தத் துளை. குனிஞ்சு பாத்தேன், டார்ச் அடிச்சுப் பாத்தேன். உள்ள என்னமோ இருக்கு. பிரேக் வயர் ஒண்ணை உருவி நுனியை விட்டுக் குத்திச் சுத்தி இழுத்தேன். கெட்டியா, களிமண்ணாட்டம், ஒரு குச்சி அளவுக்கு வந்துச்சு. உள்ளங்கையில போட்டுத் தேச்சேன். மஞ்சள். நடுவுல செவப்பு. மூக்குக்கிட்டக் கொண்டு போனேன், ஆயில் நாத்தத்தையும் தாண்டி சந்தன வாசம் வந்துச்சு. ருக்கு. ருக்குவோட கட்டை விரல். ஹெட்டுக்கும் ஒரு பொட்டு வைக்கணும்னு, மேல எங்க இடம் தட்டையா இருந்துச்சோ அங்க அப்பியிருக்கா, அந்தத் தட்டை இடத்துலதான் துளை. நான் மாட்டறப்பப் பாத்தேன். இப்ப ஞாபகம் வருது, பாத்தேன். மஞ்சளாத் தெரிஞ்சுச்சு. வச்ச பொட்டைச் சுரண்டறதுக்கு மனசு வரலை, அதுவும் அவ வச்ச பொட்டு, நான் தலை சுத்தி உக்காந்துட்ட அன்னைக்கு வச்ச பொட்டு. துணியால மேலோட்டமா ஒரு இழுப்பு இழுத்துட்டு வேற பக்கம் பாத்துக்கிட்டே ஸ்டாண்டை வச்சு இறுக்கிட்டேன். பம்ப்பு, வால்வு, வலைன்னு எல்லாத்தையும் துருவினேன், இதை நினைக்கலை. வாசல்ல ருக்கு சத்தம், சுப்ராஜ் கூப்பிட்டுச் சொல்லிட்டான் போல. "கண்டுபிடிச்சுட்டீங்களாமே, என்னுங்க அடைச்சிருந்துச்சு?" கையை மூடிக்கிட்டேன். "அழுக்கு, ருக்கு. பழைய ஆயில் கசடு." பேன்ட்டுப் பாக்கெட்டுக்குள்ள தேச்சுக்கிட்டேன். சுப்ராஜ் என் கையைப் பாத்தான், மூக்கை உறிஞ்சினான், மண்ணெண்ணெய்த் தட்டை எடுத்துட்டு வரப் போயிட்டான். நல்லவன் அவன்.

துளையைக் காத்தடிச்சு ஊதி, மண்ணெண்ணெய் விட்டு, மறுபடி ஊதி, எல்லாத்தையும் மாட்டி, போல்ட்டை வரிசையா இறுக்கி, டாப்பெட் இடைவெளி வச்சு, தண்ணி ஊத்தி, பிளக்கைக் கழட்டிட்டு செல்ப் அடிக்கச் சொன்னேன். கவர் போடலை. பாத்துக்கிட்டே நின்னேன். வரலை. வரலை. அடியேய் வாடி. முதல் ராக்கர் ஓரத்துல ஒரு பொட்டு எண்ணெய் எட்டிப் பாத்துச்சு, நின்னுச்சு, உருண்டுச்சு, அடுத்த ராக்கர், அடுத்தது, ஊத்து வர்ற மாதிரி ஒவ்வொண்ணாக் கசிஞ்சு, எல்லாம் நனைஞ்சு, மினுமினுன்னு. எப்படிப்பட்ட அழகு அது. பிளக்கை மாட்டி ஸ்டார்ட் பண்ணினேன். மெத்துன்னு ஓடுச்சு, சுப்ராஜ் வாயைத் திறந்து, "மாமா, இப்பத்தானுங்க வித்தியாசமே தெரியுது"ன்னான். நான் தலையைச் சாய்ச்சுக் கேட்டேன். டிக். டிக். டிக். இல்லை. முதல் கொஞ்ச நேரம் அப்படித்தான் இருக்கும், எண்ணெய் பரவணும். பரவிருச்சு, கண்ணால பாக்கறேன், மேல தெறிச்சு என் சட்டையெல்லாம் புள்ளி. டிக். டிக். இடைவெளி அதிகமோ? இடைவெளி அளக்கற பில்லர் கேஜை எடுத்து ஒவ்வொண்ணா மறுபடி பாத்தேன், சரியா இருக்கு, திரும்பவும் பாத்தேன், சரியாத்தான் இருக்கு. டிக். சுப்ராஜ் என்னையே பாத்துக்கிட்டு இருந்தான், அந்தப் பார்வையில இப்ப மரியாதை, அதைத்தான் தாங்க முடியலை. கவரை மூடி ரெண்டு நட்டையும் நானே போட்டேன். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன், காதுகிட்டக் கொண்டு போனேன், காதுல வைக்கலை. அவன்கிட்ட நீட்டினேன். "நீ கேளு மாப்பிள்ளை. நீ கேட்டுச் சொல்லு." அவனுக்கு ஒண்ணும் புரியலை. கேட்டான். "சுத்தமா இருக்குதுங்க மாமா." சத்தியமா? "அக்கா மேல சத்தியமா."

வந்தாங்க. அண்ணன், யாழினி, பின் சீட்டுல மெத்தை விரிச்சு, பால் புட்டி, போர்வை, கூடை. சக்கரத்துக்கடியில எலுமிச்சம்பழம் வச்சாங்க. குழந்தை முழிச்சுக்கிட்டு என்னைப் பாத்துச்சு. சொல்லிரு, இப்பவாச்சும் சொல்லிரு, டிக் டிக்குன்னு கேக்குதேடா உனக்கு, சொல்லிரு. என் கண்ணு எண்ணெயைப் பாத்துச்சு, என் விரல் எண்ணெயைத் தொட்டுச்சு, என் காது இல்லைங்குது. யாரை நம்பறது? இத்தனை வருசமாச் சோறு போட்டதை நம்பறதா, வேண்டாமா? சாவியை நீட்டறப்ப விரல் விட மாட்டேன்னுச்சு, அண்ணன் இழுத்து வாங்கிக்கிட்டார். "போன் பண்றேன் நஞ்சப்பா." வண்டி கிளம்புச்சு, பழம் நசுங்குச்சு, ரோட்டுல ஏறி, பாலம் தாண்டி, மலைப் பக்கம் திரும்பி மறைஞ்சுது. சத்தமும் மறைஞ்சுது. சுப்ராஜ் ஏதோ ஸ்பேர் வாங்கக் கடைக்குக் கிளம்பினான், போறப்ப ரேடியோவை நிறுத்திட்டுப் போனான். நிறுத்தாதடான்னு சொல்ல வாய் வரலை. கொட்டகை காலியா இருந்துச்சு. வண்டி நின்ன இடத்துல ஒரு சொட்டு எண்ணெய், அவ்வளவுதான். எதையும் தட்டாம நின்னேன். டிக். டிக். டிக்.

அப்பாடா. குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது. முதல்ல அதுதான் தோணுச்சு. வண்டி போயிருச்சு, சத்தம் இங்க நிக்குது, அப்ப அது வண்டியோடது இல்லை, வண்டி நல்லாருக்கு, போய்ச் சேர்ந்துரும், பனிக்கு முன்னாலயே போய்ச் சேர்ந்துரும். அதுக்கப்பறம் மத்ததும் தோணுச்சு, மெதுவா, காலுக்கடியில இருந்து ஏறின மாதிரி. பெஞ்சு மேல உக்காந்துட்டேன். காலையில இருந்து இதுதானா? மூணு நாளும் இதுதானா? ஆனா வறண்டு கிடந்துச்சே, அது நிஜம்தானே. இல்லாத சத்தத்தைக் கேட்டு இருந்த கோளாறைக் கண்டுபிடிச்சேனா? ரெண்டும் கலந்து கேட்டுச்சா? இனிமே எந்த வண்டி முன்னால நின்னாலும் இந்தக் கேள்வி கூடவே நிக்குமா? அவளுக்கும் கேட்டுச்சே. ருக்குவுக்குக் கேட்டுச்சு, அவ சொன்னா. ஒருத்தருக்காவது கேட்டுச்சு. அந்த வார்த்தை ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். பின்கட்டுக் கதவு திறந்துச்சு, டீயோட வந்தா, சந்தோசமாத்தான் வந்தா, வேலை நல்லபடியா முடிஞ்சிருச்சேன்னு. என் மூஞ்சியைப் பாத்ததும் நின்னா. நான் தலையைச் சாய்ச்சுக்கிட்டு உக்காந்திருக்கறதைப் பாத்தா.

"ருக்கு, உனக்குக் கேக்குதா?"

அவ கண்ணு என் மூஞ்சியை விட்டு நகரவே இல்லை. வேற எதையும் பாக்கலை.

"ஆமாங்க. லேசாக் கேக்குது."

சொன்ன பிறகுதான் என்னைத் தாண்டிப் பாத்தா, வண்டி இல்லாமக் காலியாக் கிடக்கற இடத்தை. திறந்து கிடக்கற கேட்டை. கையில டீ டம்ளர் ஆடி, விளிம்புல கொஞ்சம் வழிஞ்சுது. உதட்டைக் கடிச்சுக்கிட்டு நின்னா. நான் எந்திரிச்சுப் போய் டம்ளரை வாங்கிக்கிட்டேன். அவ கட்டை விரல் சூட்டுல செவந்திருந்துச்சு.

"எனக்கும் லேசாத்தான், ருக்கு"ன்னேன்.